பிழை சுட்டும் பொறியும் வழுவமைதியும்: மொழிப்பிழை திருத்தும் மென்பொருள்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிப் பிழை, இலக்கணப் பிழை ஆகியவற்றைச் சுட்டும் மென்பொருள்கள் 1961 முதல் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாறு பொறியின் அறிவு பெருகிய கதையாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது. எதைப் பிழை என்று சொல்வது, எங்கே வாய் மூடியிருப்பது என்னும் முடிவுகளின் வரலாறாகவும் அதனைக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் தமிழ் இலக்கண மரபின் பகுப்பு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அவ்வரலாறு தமிழ்ச் சந்திப்பிழை திருத்திகளுக்கு உணர்த்துவன இறுதியில் தொகுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பிழைதிருத்தி, வழுவமைதி, சொற்பட்டியல், நிறுத்தக்குறி, சந்தி, மயங்கொலி, கணினித்தமிழ்.

முன்னுரை

பிழையை ஆராய்வதற்கெனத் தனிக் கோட்பாடு வகுத்துக்கொண்ட மரபு தமிழிலக்கண மரபு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் சொற்கள் வழுவின்றி அமையும் முறையையே முதன்மையாகப் பேசுகிறது. திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என வழு எழுவகைப்படும் என உரையாசிரியர்கள் தொகுத்துரைப்பர். வழு, வழாநிலை என்னும் இரண்டோடு அம்மரபு நின்றுவிடவில்லை. விதிக்கு மாறுபட்டும் காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி என மூன்றாவதாக வகுத்தது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது எண்ணிலக்கணப்படி வழு; உயர்த்திக் கூறும் கருத்தினால் அது அமைகிறது. பசுவை உவப்பினால் பெண்ணாக்கிப் பேசுவது திணை வழு. உவப்பு என்னும் காரணத்தால் அதுவும் அமைகிறது.

கடந்த அறுபது ஆண்டுகளாக இப்பணியின் ஒரு பகுதியைக் கணினி ஏற்றுள்ளது. ஆய்வேடு, நூல், செய்தி, மாணவர் கட்டுரை என எதுவாயினும் அச்சேறுமுன் ஒரு மென்பொருளின் பார்வைக்கு உட்படுவது வழக்கமாகி வருகிறது. அம்மென்பொருள் இடும் அடிக்கோடு மாணவரைத் தலைகுனியச் செய்கிறது. சில வேளைகளில் சரியாக எழுதப்பெற்ற தொடரைத் தவறாக மாற்றவும் செய்கிறது. ஆதலின், அவ்வடிக்கோட்டுக்குப் பின்னுள்ள முடிவுகள் எவை, அவற்றை எடுத்தோர் யாவர், எந்த எழுத்தை அளவாகக் கொண்டு எடுத்தனர் என்னும் வினாக்கள் மொழியாய்வாளர்க்கு உரியவையாகின்றன.

சொற்பட்டியலின் காலம்

பிழைதிருத்தியின் தொடக்கம் பிழைதிருத்தத்தை நோக்கமாகக் கொண்டதன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கையெழுத்தைக் கணினி படித்தறியும் ஆய்வில் ஈடுபட்டிருந்த லெஸ் எர்னஸ்ட், பொறி தவறாகப் படித்தவற்றை விலக்குவதற்காக 1961ஆம் ஆண்டில் 10,000 சொற்கள் கொண்ட பட்டியலொன்றைப் பயன்படுத்தினார். ஆகவே, முதற் பிழைதிருத்தி மனிதரின் பிழையைத் திருத்த எழுந்ததன்று. பொறியின் பிழையைத் திருத்த எழுந்தது. பின்னர் ஸ்டான்ஃபோர்டில் அவரிடம் பயின்ற ரால்ப் கோரின் 1971இல் பொதுப் பயன்பாட்டுக்குரிய பிழைதிருத்தி ஒன்றை எழுதினார். ஓரெழுத்து வேறுபாடு, அடுத்தடுத்த ஈரெழுத்துகளின் இடமாற்றம் ஆகியவற்றை நோக்கிச் சரியான சொல்லை அது முன்மொழிந்தது.

இம்முறைக்கான கருத்தடிப்படையை ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெடரிக் டேமராவ் 1964இல் வெளியிட்ட கட்டுரையிற் காணலாம். அவர் ஆராய்ந்த தரவில் எழுத்துப்பிழைகளுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை நான்கு வகைக்குள் அடங்கின: ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்துக் குறைதல், ஓரெழுத்துத் திரிதல், அடுத்துள்ள ஈரெழுத்துகள் முறைமாறுதல். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் புணர்ச்சி விகாரங்களை அறிந்த தமிழாய்வாளருக்கு இப்பகுப்பு புதியதாகத் தோன்றாது. எனினும் வேறுபாடு அடிப்படையானது. புணர்ச்சி விகாரம் மொழியின் ஒழுங்கு. டேமராவ் கண்டது விரலும் கண்ணும் செய்யும் பிறழ்ச்சி.

பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மோரிஸும் லொரிண்டா செர்ரியும் 1975இல் வெளியிட்ட முறை வேறு வழியிற் சென்றது. ஓர் ஆவணத்தில் ஈரெழுத்து, மூவெழுத்துத் தொடர்கள் எத்துணை முறை வருகின்றன என்று எண்ணி, அவ்வழக்குக்குப் பொருந்தாத சொற்களை விந்தைத்தன்மையின் வரிசைப்படி அந்நிரல் அடுக்கித் தந்தது. அது எச்சொல்லையும் பிழை என்று தீர்ப்பளிக்கவில்லை; வழக்கத்திற்கு மாறாக உள்ளது என்று மட்டும் காட்டியது. தீர்ப்பு எழுதியவரிடமே விடப்பட்டது. பிற்காலப் பிழைதிருத்திகள் இழந்த ஓர் அடக்கம் இதில் இருந்தது.

அதே ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் 1975இல் ஒரு பிற்பகற்பொழுதில் எழுதிய எளிய நிரலை டக் மெக்கில்ராய் விரிவாக்கினார். அன்றைய பி.டி.பி.-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவிடம் 64 கிலோபைட்டு மட்டுமே. ஏறத்தாழ 30,000 சொற்களை அதனுள் அடக்க, சொற்களை எழுத்துருவில் வைக்காமல் அவற்றிலிருந்து கணக்கிட்ட எண்களாக அவர் சுருக்கி வைத்தார். இரு வேறு சொற்கள் ஒரே எண்ணைப் பெற இடமுண்டு. அதனால் ஏறத்தாழ 4000 பிழைச்சொற்களுள் ஒன்று தப்பிவிடும் என்பதை அறிந்தே அவர் அதனை ஏற்றார். மேலும், முன்னொட்டு பின்னொட்டுகளை நீக்கி அடிச்சொல்லைக் காணும் விதிகளையும் சேர்த்தார். அவ்விதிகள் சொல்லின் தன்மையை அறியாமல் செயற்பட்டமையால், மிகப் பரவலான எழுத்துப்பிழைகள் சில விகுதி பெற்ற நற்சொற்களாகத் தேறிவிட்டன. அவற்றைத் தடுக்கத் தனியே ஒரு தடைப்பட்டியல் தேவைப்பட்டது. விதி அளவுக்கு மீறி ஏற்பதைப் புறனடையால் கட்டுப்படுத்தும் பழைய இலக்கண உத்தியைக் கணினி தன் தேவையால் மீண்டும் கண்டடைந்தது எனலாம்.

சொற்பட்டியல் பெருகப் பெருகப் பிழைதிருத்தி திறம்படும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தை ஜேம்ஸ் பீட்டர்சன் 1986இல் மறுத்தார். தட்டச்சுப் பிழையால் பிறக்கும் எழுத்துக்கோவை மற்றொரு மெய்யான சொல்லாக அமைந்துவிட்டால் பட்டியல் அதனைப் பிடிக்காது. பட்டியலில் அரிய சொற்கள் கூடுந்தோறும் இவ்வாய்ப்பும் கூடும். சிறிய பட்டியலில் 2 விழுக்காடாக இருந்த தப்பும் பிழைகளின் அளவு, 3,50,000 சொற்கள் கொண்ட பட்டியலில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை எட்டும் என்பது அவர் கணக்கு. அதாவது, எல்லாச் சொற்களையும் அறிந்த பொறி பல பிழைகளைக் காணும் ஆற்றலை இழக்கிறது.

ஓர் அலுவலகத்தின் நடை பொது விதியானமை

சொல்லிலிருந்து தொடருக்கு நகர்ந்த முதற் பெருமுயற்சி, பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செர்ரி, நீனா மெக்டொனால்ட், லாரன்ஸ் ஃப்ரேஸ் முதலியோர் உருவாக்கிய 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' என்னும் நிரல்தொகுதி. 1970களின் இறுதியில் உருப்பெற்று 1980களின் தொடக்கத்தில் ஆய்வுலகிற்கு அறிமுகமான இத்தொகுதியில் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இரட்டித்த சொல், மிகைத்தொடர், வாக்கிய நீளம் ஆகியவற்றை நோக்கத் தனித்தனி நிரல்கள் இருந்தன.

இத்தொகுதி மொழியை முழுமையாகப் பகுத்தறியவில்லை என்பது கருதத்தக்கது. இதற்கு அடிப்படையான சொல்வகை காணும் நிரல், இடைச்சொல் போன்ற செயற்பாட்டுச் சொற்கள் அடங்கிய ஒரு சிறு அகராதியையும் விகுதிகளைக் கொண்டு வகையை ஊகிக்கும் விதிகளையும் மட்டுமே கொண்டிருந்தது. நிறுத்தக்குறி நிரல் பிறைக்குறியும் மேற்கோட்குறியும் இணையாக மூடப்பெற்றனவா, மேற்கோட்குறிக்கும் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் உரிய வரிசை காக்கப்பட்டதா என்பன போன்ற எளியவற்றையே நோக்கியது. தொடரின் பொருளை அறிந்தாலன்றித் தீர்மானிக்க இயலாத காற்புள்ளி இடங்களில் அது தலையிடவில்லை. வில்லியம் வெஸ்டர்மேனுடன் இணைந்து செர்ரி எழுதிய சொன்னடை நிரல், ஏறத்தாழ 450 மிகைத்தொடர்களின் பட்டியலைக் கொண்டு அவை வரும் இடங்களைச் சுட்டிக்காட்டியது.

இவற்றினும் கருதத்தக்கது நடையை மதிப்பிட்ட நிரல். சராசரி வாக்கிய நீளம், செயப்பாட்டுவினையின் விழுக்காடு முதலியவற்றை எண்ணி, அவை 'நல்ல' எழுத்தின் அளவுகளோடு பொருந்துகின்றனவா என்று அது எழுதுவோருக்கு எடுத்துரைத்தது. அந்த 'நல்ல' அளவுகள் பெல் ஆய்வகத்தின் துறைத்தலைவர்கள் சிறந்தவை எனத் தேர்ந்த தொழில்நுட்பக் குறிப்புரைகளிலிருந்து பெறப்பட்டவை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இத்தொகுதியை முதலாண்டு மாணவர்களின் கட்டுரைப் பயிற்சிக்குக் கொண்டுசென்றபோது இவ்வளவுகள் அங்கே பொருந்தவில்லை. மாணவர் கட்டுரைகளுக்கென வேறு அளவுகள் வகுக்கப்பட்டன. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளர் நடை எல்லா எழுத்திற்கும் விதியாகாது என்பதை அப்பல்கலைக்கழக ஆசிரியர்கள் உணர்ந்து செயற்பட்டனர். நிரலை ஏற்று, அளவுகோலை மாற்றிக்கொண்ட இச்செயல் பிழைதிருத்தி வரலாற்றில் ஆசிரியர் ஆற்றிய பங்கிற்குச் சிறந்த சான்று.

விதியைத் தளர்த்திப் பிழை காணுதல்

வாக்கியத்தை முழுமையாகப் பகுத்துப் பிழை காணும் முயற்சியை ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹைடோர்ன், கேரன் ஜென்சன், லான்ஸ் மில்லர் முதலியோர் மேற்கொண்டனர். 'எபிசில்' எனப் பெயர் பெற்ற இம்முறைமை 1982இல் விரிவாக வெளியிடப்பட்டது. வணிகக் கடிதங்களே இதற்குத் தரவாயின.

இலக்கணம் பிறழ்ந்த வாக்கியத்தை இலக்கண விதிகளால் பகுக்க இயலாது. பகுக்க இயலாத வாக்கியத்தில் பிழை எங்கே உள்ளது என்று சொல்லவும் இயலாது. இச்சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு நுட்பமானது. முதலில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் எண் இயைய வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் அனைத்தையும் வைத்து வாக்கியம் பகுக்கப்படும். அது தோற்றால் குறிப்பிட்ட கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு மீண்டும் பகுக்கப்படும். தளர்த்திய பின்னரே வாக்கியம் பகுபடுமாயின், தளர்த்தப்பட்ட இடமே பிழையின் இடம்.

இதனை வழுவமைதியின் மறுதலை எனலாம். இருமுறையிலும் விதி ஓரிடத்தில் தளர்கிறது. தளர்ந்த இடம் குறிக்கப்படுகிறது. இலக்கணி அவ்விடத்தில் நின்று, தளர்ந்ததற்குக் காரணம் உண்டா என்று வினவுகிறார். உயர்வு, உவப்பு, மிகுதி, தெளிவு போன்ற காரணம் இருப்பின் அமைத்துக்கொள்கிறார். பொறிக்கு அவ்வினா இல்லை. தளர்ச்சி என்பதே அதற்குப் பிழை. விதியை அறிவதில் பொறி இலக்கணியை நெருங்கியது. காரணத்தை அறிவதில் நெருங்கவில்லை.

அறிக்கையிலிருந்து அடிக்கோட்டுக்கு

இம்முயற்சிகள் ஆய்வகங்களில் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே இலக்கணத் திருத்தி சந்தைக்கும் வந்தது. புரூஸ் வாம்ப்லர் உருவாக்கிய 'கிராமாட்டிக்' 1981இல் தனியாள் கணினிகளுக்கென வெளியாயிற்று. தொடக்கத்தில் அது பெரும்பாலும் தொடர்ப்பட்டியல் ஒப்பீட்டையே நம்பியது.

இக்கால நிரல்கள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எழுதி முடித்தவர் விரும்பிக் கேட்டாலன்றி அவை பேசவில்லை. கேட்டபோது ஓர் அறிக்கை தந்தன; அதனைப் படித்து ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவரின் செயலாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டு 95 தட்டச்சு செய்யும்போதே சொற்பிழைக்குச் சிவப்பு நெளிகோடு இட்டது. 1991இல் அந்நிறுவனத்திற்குச் சென்ற ஹைடோர்ன், ஜென்சன் முதலியோர் உருவாக்கிய இலக்கணத் திருத்தி, வேர்டு 97இல் பச்சை நெளிகோடாக வெளிப்பட்டது. பொறியின் கருத்து அறிக்கையிலிருந்து பிரிந்து, எழுதப்படும் வரியின் கீழேயே வந்து அமர்ந்தது. நினைத்து முடிக்காத வாக்கியத்தின்மீதே தீர்ப்பு விழலாயிற்று. ஐயத்தையும் உறுதியையும் ஒரே நெளிகோடு ஒரே நிறத்தில் காட்டியமையால், அவற்றைப் பிரித்தறியும் வாய்ப்பு பயனாளரிடமிருந்து நழுவியது.

ஒட்டுநிலை மொழிகளும் தமிழும்

சொற்பட்டியல் முறை ஆங்கிலத்தின் இயல்பைச் சார்ந்தது. பின்லாந்து மொழி, அங்கேரி மொழி, தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிகளில் ஒரு வினையடி காலம், பால், இடம், எச்சம், துணைவினை, இடைச்சொல் ஆகியவற்றோடு சேர்ந்து பல நூறு வடிவங்களைப் பெறும். அனைத்தையும் பட்டியலிடுதல் நடைமுறைக்கு ஒவ்வாது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் கிம்மோ கோஸ்கென்னியெமி 1983இல் முன்வைத்த ஈரடுக்கு உருபனியல் இதற்கு வழிகாட்டியது. சொல்லின் அடிநிலை வடிவத்தையும் எழுத்தில் தோன்றும் வடிவத்தையும் விதிகளால் இணைத்து, பகுப்பு, ஆக்கம் ஆகிய இரு திசையிலும் அது செயற்பட்டது. அங்கேரி மொழிக்கென லாஸ்லோ நேமெத் உருவாக்கிய 'ஹன்ஸ்பெல்' பின்னர்க் கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றில் இடம்பெற்று, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் சொற்பட்டியல்களுக்குப் பொதுக்களமாயிற்று.

தமிழில் இம்முயற்சி உருபனியல் பகுப்பாய்வோடு பிணைந்தே வளர்ந்தது. 2003இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ச் சொற்பிழை திருத்தி பற்றிய கட்டுரையை வழங்கினர். பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய 'மென்தமிழ்' சொல்லாளரும், நீச்சல்காரன் இணையத்தில் வழங்கிவரும் 'நாவி' சந்திப்பிழை திருத்தி, 'வாணி' எழுத்துப்பிழை திருத்தி ஆகியவையும் இன்று பலரும் அறிந்தவை. 2003இல் டேனியல் நாபர் தம் பட்ட ஆய்வாகத் தொடங்கிய 'லாங்குவேஜ் டூல்' என்னும் கட்டற்ற இலக்கணத் திருத்தியிலும் தமிழ் ஒரு மொழியாக இடம்பெற்றுள்ளது. இதில் ஒவ்வொரு பிழை விதியோடும் அவ்விதி செல்லாத இடங்களையும் எழுதிவைக்க இடமுண்டு. வழுவமைதியை நிரலினுள் எழுதுவதற்கு இது ஒரு வாயில்.

பீட்டர்சனின் கண்டுபிடிப்பு தமிழுக்கு மேலும் அழுத்தமாகப் பொருந்துகிறது. தமிழில் மிகுதியும் நேரும் பிழை மயங்கொலிப் பிழை. மணம், மனம், அரை, அறை, பல்லி, பள்ளி, களித்தான், கழித்தான் என இவை பல இடங்களில் மற்றொரு நற்சொல்லில் சென்று முடிகின்றன. 'விடுமுறையை ஊரில் களித்தான்' என்பதில் எச்சொல்லையும் பட்டியல் குறைகூறாது. ஆகவே, சிவப்புக் கோடு இல்லாத பக்கம் பிழையற்ற பக்கம் என்று மாணவர் கொள்வாராயின், அவர் ஏமாறும் இடம் ஆங்கிலத்தினும் தமிழில் மிகுதி.

நிறுத்தக்குறிகளின் நிலையும் தனித்தன்மை உடையது. சுவடி மரபில் இன்றுள்ள நிறுத்தக்குறிகள் இல்லை. அச்சுப் பரவலோடு உரைநடைக்கு வந்து சேர்ந்தமையால், அவை பற்றிய விதிகள் பதிப்பகத்திற்குப் பதிப்பகம் வேறுபடுகின்றன. இந்நிலையில் குறிகள் இணையாக மூடப்பெற்றனவா என்பதை மட்டும் நோக்கிய பெல் ஆய்வக நிரலின் வரம்பே தமிழ் நிரலுக்கும் இப்போதைக்கு ஏற்ற வரம்பு.

சந்தி: உறுதியும் ஐயமும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் புணரியல் முதல் குற்றியலுகரப் புணரியல் வரை ஆறு இயல்கள் புணர்ச்சியோடு தொடர்புடையவை. இத்துணை விரிந்த விதிகள் இருந்தும் சந்திப்பிழை திருத்தி எளிதாக அமையாதது ஏன் என்பதற்குப் புணர்ச்சியின் இயல்பே விடை. வல்லினம் மிகும் இடங்களைப் பொறியின் நோக்கில் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, சொல்வடிவமே முடிவைத் தரும் இடங்கள். 'அந்தப் பையன்', 'எப்படிச் சொன்னான்', 'வீட்டுக்குப் போனான்', 'தேடிப் பார்த்தான்' போன்றவற்றில் நிலைமொழியின் வடிவத்தைக் கண்டே பொறி பெரும்பாலும் முடிவு செய்யலாம். இரண்டாவது, தொடரின் அமைப்பை அறிந்தே தீர்மானிக்க வேண்டிய இடங்கள். 'தமிழ் படித்தான்' என்பதில் வல்லினம் மிகாது. 'தமிழ்ப் பாடம்' என்பதில் மிகும். 'குதிரை பாய்ந்தது' என்பது எழுவாய்த்தொடர். 'குதிரைப் பாய்ச்சல்' என்பது தொகை. ஐகார ஈறு கண்டவுடன் இரண்டாம் வேற்றுமை என முடிவு செய்யும் நிரல் இங்கே வழுக்கும். மூன்றாவது, இரு வடிவமும் சரியாக இருந்து பொருள் மட்டும் வேறுபடும் இடங்கள். 'வேலை கொடுத்தான்' என்பது பணி வழங்கியதைக் குறிக்கும். 'வேலைக் கொடுத்தான்' என்பது வேல் என்னும் படைக்கருவியைத் தந்ததைக் குறிக்கும். எழுதியவரின் கருத்தை அறிந்தாலன்றி இங்கே எதனையும் பிழை என்று சொல்ல இயலாது.

இவற்றிற்கு அப்பால் அறிஞரிடையே முடிவுறாத வழக்குகளும் உள்ளன. 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' என்னும் இரு வடிவங்களுக்கும் இலக்கணக் காரணம் காட்டுவோர் உள்ளனர். ஒரு நிரல் இவற்றுள் ஒன்றைச் சிவப்பாக்கும்போது அது விதியைக் காட்டவில்லை. வழக்காடும் இரு தரப்பில் ஒரு தரப்பைச் சார்ந்து தீர்ப்பளிக்கிறது. அந்நிரலை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும்போது, வாதம் நிகழாமலேயே மற்றைய வடிவம் வழக்கிழக்கக்கூடும். பெல் ஆய்வகத்தின் குறிப்புரை நடை கொலராடோ மாணவருக்கு அளவாக நின்றது போன்றதே இது. அங்கே ஆசிரியர்கள் தலையிட்டு அளவை மாற்றினர்.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வொரு பிழைதிருத்தியும் ஓரிடத்தின் எழுத்தை அளவாகக் கொண்டே பிறந்தது. அது வேறிடம் செல்லும்போது அளவும் மாற வேண்டும். இரண்டாவதாக, பயன்தந்த நிரல்கள் தம் எல்லையை அறிந்து நின்றவை. பொருளறியாக் காற்புள்ளியில் தலையிடாமை, விந்தையைப் பிழை எனச் சொல்லாமை, தடைப்பட்டியலால் விதியைக் கட்டுப்படுத்தல் ஆகியவை அவ்வடக்கத்தின் வடிவங்கள். மூன்றாவதாக, விதி தளர்ந்த இடத்தைக் காணப் பொறி கற்றுக்கொண்டது. தளர்ந்ததன் காரணத்தை வினவும் பணி மனிதரிடமே எஞ்சியுள்ளது.

தமிழ்ச் சந்திப்பிழை திருத்திகள் உறுதியான பிழை, ஆராயத்தக்க இடம், கருத்து வேறுபாடுள்ள வழக்கு ஆகிய மூன்றையும் வெவ்வேறு குறிகளால் காட்டுமாயின், எழுதுவோர் அவற்றின் சொல்லை ஏற்கும் இடத்தையும் மறுக்கும் இடத்தையும் அறிவர். அதற்கு வேண்டிய வழுவமைதிப் பட்டியல்களைத் தொகுத்தல் நிரலாளர் மட்டும் செய்யத்தக்க பணியன்று. எந்த விதி எங்கே செல்லாது, ஏன் செல்லாது என்பதைச் சான்றுகளோடு எழுதித்தரும் கடமை இலக்கண ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. அது செய்யப்படாதவரை, மாணவரின் ஏட்டில் விழும் நெளிகோடு பிழையைக் காட்டுகிறதா, நிரலின் அறியாமையைக் காட்டுகிறதா என்பதைப் பிரித்தறிய மாணவருக்கு வழியிராது.